பிள்ளையை விட்டுவிட்டு வருகிற இடமா ட்ரஸ்ட்?

“ட்ரஸ்ட் எல்லாம் வேண்டாம் மேடம், நாங்க ஃபீஸ் கட்டியே பார்த்துக்கறோம்.”

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத் தொண்டு அமைப்பு நடத்துகிற ட்ரஸ்ட்டுக்குப் போகச் சொன்னால் வருகிற பதில் இது, இந்த மாதமும் கேட்டாயிற்று. சொன்னவர் நல்ல வேலையில் இருக்கும் ஒரு அப்பா. மகனுக்கு ஐந்து வயது. இரண்டரை வயதிலேயே ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வகையில் சீக்கிரம்தான், பல வீடுகளில் அது தெரியவே நாலு வயது தாண்டிவிடுகிறது. அதற்கப்புறம் சென்டர் மாற்றிச் சென்டர், வாரம் ஐந்து நாள் தெரபி, கட்டிய பணத்துக்கு ஊரில் ஒரு மனை வாங்கியிருக்கலாம் என்று அவரே சொன்னார். அம்மாவைப் பார்த்து, “உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள், வீட்டில் எதைத் தொடர்ந்து செய்கிறீர்கள்?” என்று கேட்டேன். “தெரியலை மேடம், கதவைச் சாத்திடுவாங்க, நாங்க வெளியே சேர்லதானே உட்கார்ந்திருப்போம்” என்றார்.

நான் பேச்சுப் பயிற்சியாளர். இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, அந்த அம்மா மேல் இல்லை, இத்தனை நாள் அவரை வெளியில் உட்கார வைத்தவர்கள் மேல். அந்தக் குடும்பம் வேண்டாம் என்று ஒதுக்கிய ட்ரஸ்ட்டில் முதல் நாளே அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு, பிள்ளைக்கு எதிரே பாயில் உட்கார வைத்திருப்பார்கள்.

ட்ரஸ்ட் என்றாலே நம் ஆட்களுக்கு ஏழைகளுக்கு இலவசமாக நடத்துகிற இடம், தரம் இருக்காது என்ற எண்ணம். இல்லையென்றால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளைச் சேர்க்கிற விடுதி, அங்கே போனால் “பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க” என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்ற பயம். இரண்டுமே தப்பு. ஆட்டிசத்துக்காகவும் மற்ற வளர்ச்சிக் குறைபாடுகளுக்காகவும் நம் நாட்டில் பேர் சொல்லும்படி நடக்கிற அமைப்புகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் யாரென்று பாருங்கள். டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பை 1991இல் தொடங்கிய மெரி பரூவா, ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அம்மா. சென்னையில் 1985இல் ‘வித்யாசாகர்’ அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜனும் அப்படித்தான், மாற்றுத்திறனாளி மகனின் அம்மா, பிற்பாடு ஆட்டிசம் போன்ற குறைபாடுகள் உள்ளவர்களுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார். தங்கள் பிள்ளைக்கு எங்கேயும் சரியான இடம் இல்லை என்று கண்ட பெற்றோர் அடுத்தவர் பிள்ளைக்கும் சேர்த்துத் திறந்த கதவுகள் இவை. பிள்ளையை விட்டுவிட்டுப் போவதற்காக இவர்கள் யாரும் இடம் கட்டவில்லை. குடும்பம் பிள்ளையோடு சேர்ந்து நிற்பதற்காகக் கட்டினார்கள். ஃபீஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன்: நல்ல ட்ரஸ்ட்டுகள் பலவற்றில் வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்குவார்கள், இல்லாதவர்களுக்குக் குறைப்பார்கள். காசு கட்டித்தான் மரியாதை என்று நினைப்பவர்கள் அங்கேயும் கட்டலாம்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். வாரம் ஐந்து மணி நேரம் தெரபி என்று வையுங்கள். பிள்ளை விழித்திருக்கும் மற்ற எழுபது, எண்பது மணி நேரம் யாரோடு இருக்கிறது? உங்களோடு. அந்த ஐந்து மணி நேரத்தில் நான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தாலும், மீதி நேரத்தில் வீட்டில் அதற்கு நேர்மாறாக நடந்தால் என் வேலை நிலைக்காது. இதை எங்கள் தொழிலில் எல்லாரும் அறிவார்கள், கதவைச் சாத்துகிறவர்களும் அறிவார்கள்.

ட்ரஸ்ட்டில் அம்மாவுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதற்கு நான் கண்ணால் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைக்கு மேரி பிஸ்கட் பிடிக்கும். வீட்டில் அது டப்பா பக்கம் பார்த்தாலே அம்மா முழு பிஸ்கட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார், அழக்கூடாதே என்று. பாயில் உட்கார்ந்ததும் சிறப்பு ஆசிரியர் பிஸ்கட்டை எட்டுத் துண்டாக உடைக்கச் சொல்வார். ஒரு துண்டை அம்மா தன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பேசக்கூடாது, “சொல்லு, சொல்லு” என்று நச்சரிக்கக் கூடாது, மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பிள்ளை ஒரு நொடி கண்ணைப் பார்த்தாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, “ப்” என்று ஒரு சத்தம் வந்தாலும் சரி, உடனே “பிஸ்கட்!” என்று ஒரே வார்த்தை சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அடுத்த துண்டு. ஒரு பிஸ்கட்டில் எட்டு முறை கேட்கிற வாய்ப்பு. இது எளிது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும், அந்தப் பத்து எண்ணுவதற்குள் கண் கலங்காத அம்மாவை நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து “இன்னும் கொஞ்சம் பொறுங்க, வருது, வருது” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத்தான் ட்ரஸ்ட்டில் செய்கிறார்கள். வீட்டுக்குப் போனால் அதே வேலை தண்ணீருக்கு, ஊஞ்சலுக்கு, பைக் சாவிக்கு என்று நாள் முழுக்க நடக்கும்.

இது வெறும் நல்லெண்ணம் இல்லை, ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனமும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் இன்னோர் அமைப்பும் சேர்ந்து ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களோடு ஓர் ஆய்வு நடத்தின, 2016இல் வெளியானது. பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் பெரிய டிகிரி வாங்கிய நிபுணர்கள் கூட இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடு கொடுத்துப் பேசுவது கூடியது, பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடியது. சென்னை மதுரம் நாராயணன் மையத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு அம்மாவோ வீட்டில் ஒருவரோ கூடவே வகுப்பில் இருப்பது பல வருஷத்து நடைமுறை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், கிராமத்துக்கே பணியாளர்களை அனுப்புகிறது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தையின் வீட்டுத் திண்ணையில் வைத்தே பயிற்சி, செயலியில் பதிவு, நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுவார்கள். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, அலறுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுனுக்கு வர முடியாமல் தெரபியை நிறுத்துகிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறவளுக்குத்தான் அந்தத் திண்ணையின் அருமை தெரியும்.

அடுத்தது காகிதம். இதில் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, சான்றிதழும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்க உங்கள் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. “அட்டை வாங்கினால் முத்திரை குத்திடுவாங்க” என்று தள்ளிப்போடாதீர்கள். அட்டை இல்லாததால் ஆட்டிசம் போய்விடாது, வர வேண்டிய உதவிதான் போகும். சான்றிதழுக்கு மதிப்பிடுகிற ஐசா என்ற அளவுகோலில் 40 கேள்விகள். அங்கே போய்ப் பெற்றோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா, மருத்துவர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் “வீட்டில் நல்லா பழகுவான் சார், எல்லாம் புரியும் சார்” என்று சொல்லி விடுகிறார்கள். குறைபாட்டின் சதவீதம் 40க்குக் கீழே போய்விடுகிறது, பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி இல்லாமல் திரும்பி வருகிறார்கள். ட்ரஸ்ட்டில் இருக்கிற சமூகப் பணியாளர் முதல் நாளே கூட உட்கார்ந்து, பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எதற்குக் காதைப் பொத்துகிறது, எதைச் சாப்பிட மறுக்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுத வைத்து அனுப்புவார். மிகைப்படுத்தச் சொல்ல மாட்டார், மறைக்காமல் சொல்லச் சொல்வார்.

நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, தேசிய அறக்கட்டளையுடையது, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, முன்பே இருக்கிற குறைபாடு என்று தள்ள மாட்டார்கள், தெரபிச் செலவும் ஒரு அளவு வரை இதில் வரும். அந்த அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் போட்டுத் தருவார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பெயரையே கேட்டதில்லை. கேள்விப்பட்டவர்கள் தெரபிக்கு ரசீது வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். ரசீது தராத சென்டரில் கறாராகக் கேளுங்கள், உங்கள் காசு.

எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாத ஒன்றையும் ட்ரஸ்ட் தருகிறது, அது மற்ற பெற்றோர். பதினெட்டு வயதுப் பையனின் அம்மா ஒருவர், மூன்று வயதுப் பிள்ளையின் அம்மாவிடம் “எனக்கும் மாமியார் டிவி போட்டு விட்டதால்தான் இப்படின்னு சொன்னாங்க, அதைக் கேட்டு நாலு வருஷம் அழுதேன், நீ அழாதே” என்று சொன்னால் அது என் அரை மணி நேர ஆலோசனையை விட மேல். (டிவியோ செல்போனோ ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. பிள்ளையின் திரை நேரத்தைக் குறைக்க வேண்டும்தான், ஆனால் அம்மா மேல் பழி போட அது காரணம் ஆகாது.) அண்ணன் தங்கைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிற அமைப்புகள் இருக்கின்றன. “என் பென்சில் பாக்ஸை அவன் உடைச்சா என்னைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்றாங்க” என்று அந்தக் குழந்தை வேறு யாரிடம் சொல்லும்? சில இடங்களில் பிள்ளையை இரண்டு மூன்று நாள் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மா தன் ஆபரேஷனுக்கோ சொந்தத்தில் ஒரு சாவுக்கோ போய்வரலாம். இதற்குக் கூச்சப்படாதீர்கள் அம்மா. இரண்டு நாள் தூங்கி எழுந்தால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

உதவி செய்ய நினைக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்குச் சிறப்புப் பள்ளியில் சாப்பாடு போட வருகிறீர்கள், நல்ல மனசுதான். ஆனால் நாற்பது பேர் திடீரென்று நுழைந்து, ஸ்பீக்கரில் பாட்டு வைத்து, கை தட்டி, கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்தால் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு அன்று முழுவதும் போச்சு, சில பிள்ளைகளுக்கு அந்த வாரமே போச்சு. அதே பணத்தை வேன் டீசலுக்கோ ஒரு சிறப்பு ஆசிரியரின் சம்பளத்துக்கோ கொடுங்கள். படிப்பு முடித்த நல்ல ஆசிரியர்கள் சம்பளம் போதாமல் வேறு வேலைக்குப் போகிறார்கள், ட்ரஸ்ட்டுகளின் உண்மையான பஞ்சம் அதுதான். போட்டோ வேண்டாம். அந்தப் பிள்ளையின் முகம் யாருடைய ஸ்டேட்டஸுக்கும் உரியது இல்லை.

ட்ரஸ்ட் என்று போர்டு மாட்டியவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போகுமுன் கேளுங்கள்: மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் என்று அரசிடம் பதிவு உண்டா, பயிற்சி தருகிறவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் உண்டா, வகுப்பு நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா? கடைசிக் கேள்விக்கு “பெற்றோர் இருந்தால் பிள்ளை அடம் பிடிக்கும்” என்று ஒரு நாள் சொன்னால் பரவாயில்லை, ஒரு மாதம் சொன்னால் வேறு இடம் பாருங்கள். அடிக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காதீர்கள். “ஒரே வருஷத்தில் சரி செய்துவிடுவோம்” என்கிறவரிடம் போகவே போகாதீர்கள். ஸ்டெம் செல் ஊசிக்கு நிலத்தை விற்றுவிட்டு வருகிறார்கள், வயிறு எரிகிறது. ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. ஒரு நல்ல பெற்றோர் குழுவில் சேர்ந்திருந்தால் அட்வான்ஸ் கட்டும் முன்னேயே யாராவது கையைப் பிடித்துத் தடுத்திருப்பார்கள்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. அம்மாவை அனுப்பிவிட்டு வண்டியில் காத்திருக்காதீர்கள், மாதம் ஒரு சனிக்கிழமையாவது உள்ளே வாருங்கள், பிஸ்கட்டை நீங்களும் உடையுங்கள்.

பிள்ளை பத்தாவது வயதைத் தாண்டிவிட்டால் 18ஐப் பற்றி இப்போதே பேச ஆரம்பியுங்கள். 18 முடிந்ததும் பெற்றோர் தானாகச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து சொத்து வரை எல்லாவற்றிலும் இது குறுக்கே நிற்கும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும், அதில் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் உறுப்பினர். எப்படி எழுத வேண்டும், என்ன இணைக்க வேண்டும் என்று ட்ரஸ்ட்டில் கேட்டால் சொல்லுவார்கள். போகும்போது பிள்ளையின் ஆதார், யூடிஐடி, மருத்துவர் கொடுத்த பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றின் நகலையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.