மருந்தடித்த வயலில்தான் தத்தி அதிகமா?

பெரும்போகத்தில் படுவான்கரைப் பக்கமோ சம்மாந்துறை வயல்வட்டைகளிலோ நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திப் பூச்சி விழுந்துவிட்டால் ஒருவர் இப்படிக் கணக்குச் சொல்லலாம்: "மூன்று தரம் மருந்தடித்த வயல்களில்தான் தத்தி கூட. அடிக்காத வயலில் குறைவு. ஆகவே மருந்துதான் தத்தியைக் கொண்டுவருகிறது." எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். அந்த "ஆகவே"யில்தான் சிக்கல்.

முதலாவது, எது முந்தியது? தத்தியைக் கண்ட பிறகுதான் பலர் மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுகிறார்கள். அப்படியென்றால் தத்திதான் மருந்தைக் கொண்டுவந்தது. முதல் தரம் அடித்த திகதியும் அன்றைக்கு இருந்த தத்தி அளவும் தெரியாவிட்டால் அந்தக் கணக்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது யூரியா. அளவுக்கு மிஞ்சிப் போட்டால் பயிர் மதாளித்து நெருங்கும், தத்தியும் பெருகும். யூரியாவுக்குக் கை தாராளமானவர் மருந்துக்கும் செலவழிக்கக்கூடும். ஒரே நெல்லினம், ஒரே கிழமையில் விதைப்பு, ஒரே அளவு யூரியா உள்ள வயல்களை மட்டும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

இத்தோடு "சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகாது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது அவசரம். ஏனென்றால் தத்தி தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே குத்தி வைக்கிறது. மேலே விழும் நஞ்சு பெரும்பாலும் அங்கே எட்டாது. வெளியே திரியும், தத்தியைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான் சாகின்றன. ஒரு கிழமை கழித்துக் குஞ்சு பொரிக்கையில் அவற்றைத் தின்ன ஆளில்லை. வயல் ஆய்வுகளில் இது நிரூபணமான விடயம். 1986இல் இந்தோனேசியா நெற்செய்கையில் 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததும் இதனால்தான். ஆக, சொன்னவரின் வாதம் ஓட்டை. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவு, பல மருந்துகளின் விடயத்தில், சரி!

அவர் அதை ஒழுங்காக நிறுவ விரும்பினால் பக்கத்துப் பக்கத்து வயற்கண்டங்களைச் சோடியாக்கி, ஒவ்வொரு சோடியிலும் எதற்கு அடிப்பதென்று காசு சுண்டிப் பார்க்க வேண்டும். தெரிவை விவசாயியிடம் விட்டால் தத்தி கூடின கண்டத்துக்கே அடிப்பார், கதை பழையபடி முதலாவது பிழையில் போய் நிற்கும். ஒரு சோடி போதாது, பத்துச் சோடியாவது வேண்டும். அடிக்க முன்பும், அடித்து இரண்டு கிழமையிலும் பயிரின் அடியை விலக்கி எண்ண வேண்டும். தத்தி மேலே இருப்பதில்லை. காற்றடிக்கும் நேரத்தில் அடித்தால் மருந்து வரம்பு தாண்டி அடுத்த கண்டத்தில் விழும், வித்தியாசம் மங்கிப்போகும்.

இப்படி ஏமாற்றும் கணக்குகளில் இன்னொரு வகை, மொத்த வீதங்களை ஒப்பிடும் வாதம். கற்பனைக்கு, கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1000 நோயாளர்: சாதாரணமானவர்கள் 900 பேரில் 9 மரணம், கடுமையானவர்கள் 100 பேரில் 20. மொத்தம் 2.9 வீதம். நகரத்துப் பெரியாஸ்பத்திரியிலும் 1000 பேர்: சாதாரணமானவர்கள் 400 பேரில் 2, கடுமையானவர்கள் 600 பேரில் 60. மொத்தம் 6.2 வீதம். "அங்கே போனால் சாவு இரட்டிப்பு" என்று தலைப்புப் போட்டுவிடலாம். பிரித்துப் பாருங்கள்: சாதாரண நோயாளருக்கு 1 வீதத்துக்கு எதிராக 0.5, கடுமையானவர்களுக்கு 20க்கு எதிராக 10. இரண்டு வகையிலும் பெரியாஸ்பத்திரியில் மரணம் பாதிதான். கிராமத்திலிருந்து அம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதே கடுமையானவர்களைத்தானே.