அலை இடது காதில் கேட்டால் மேற்கு

குமரி மாவட்டத்தில் மணக்குடியிலிருந்து மேற்கே முட்டம் பக்கமாகக் கடலோரம் நடந்தால் அலை இடது காதில்தான் இரையும். வலது காதுக்கு மாறிவிட்டதா, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திரையே இல்லாமல் காதால் மட்டும் கேட்டு விளையாடும் ஒலி விளையாட்டுகளும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன என்று தக்கலையில் இருக்கும் பார்வையற்ற தம்பி ஒருவன் சொன்னபோது, சரி, இதென்ன பெரிய காரியமா என்று அவனுடைய ஹெட்போனை வாங்கி மாட்டினேன். பத்து நிமிடம் விளையாட்டுக்குள் ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன்.

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இடப்பக்கத்து ஓசை வலது காதுக்கு ஏறக்குறைய 0.6 மில்லிவினாடி பிந்திச் சேரும். கீச்சென்ற ஓசையாக இருந்தால் தலையே குறுக்கே நின்று அதை மங்க வைத்துவிடும். நல்ல விளையாட்டுகள் இந்தப் பிந்தலையும் மங்கலையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகக் கொடுக்கின்றன. போன் ஸ்பீக்கரில் வைத்து விளையாடினால் ஒன்றும் விளங்காது.

நான் சிக்கிய இடம் வேறு. நேர் முன்னால் இருக்கும் ஓசையும் நேர் பின்னால் இருப்பதும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். நிஜத்தில் நம் காதுமடலின் மடிப்புகள் ஓசையைக் கொஞ்சம் மாற்றி எது எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும், ஹெட்போனிலோ வேறு யாருடைய காதுக்கோ அளந்த மடிப்புதான் கிடைக்கும், குழம்பாமல் என்ன செய்யும்? விளையாட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீரூற்று. முன்னால் என்று நினைத்து நான் ஓட ஓட அது தேய்ந்துகொண்டே போனது. “அண்ணே, ஓடாதீங்க, நின்னு கொஞ்சம் வலப்பக்கம் திரும்புங்க” என்றான். திரும்பும்போது ஓசை இடது காதுக்கு நழுவினால் முன்னால் இருக்கிறது, வலது காதுக்கு நழுவினால் பின்னால். அவ்வளவுதான் சூட்சுமம்!

எல்லா ஓசையும் அடையாளமாக ஆகாது. நாய் குரைப்பதை நம்பி வழி வைக்க முடியாது, நாய் நகர்ந்துவிடும். ஆரல்வாய்மொழி காற்றாலை நகராது. இன்னொன்று, ஒரே சுருதியில் ‘பீப்’ என்று வருவது எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சட்டென்று பிடிபடாது, ஆனால் திற்பரப்பு அருவி போலத் தடித்ததும் மெலிந்ததுமாக எல்லா அதிர்வெண்ணும் கலந்து இரைவதைக் காது உடனே பிடித்துவிடும். ஒலி விளையாட்டில் ஓடையும் நீரூற்றும் வருவது அலங்காரத்துக்கு இல்லை. தூரம் இரு மடங்கானால் திறந்தவெளியில் ஓசை 6 டெசிபல் குறையும், பல விளையாட்டுகளில் அதைவிட வேகமாகக் குறைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து வடசேரி பஸ் ஸ்டாண்ட் ஆகிவிடும்.

அப்புறம் காலடி. மரப்பலகை, சரளை, தண்ணீர் என்று தரை மாறும்போது காலடிச் சத்தமும் மாறும், அதை எண்ணித்தான் அவன் கதவு வரை போகிறான். புளூடூத் ஹெட்போன் பக்கமே அவன் போவதில்லை: அதில் காலடி பிந்திக் கேட்கும், கேட்டு நிற்பதற்குள் கதவைத் தாண்டி ஓர் அடி போயிருக்கும்.