விங்மேன் – நடுச்சிறகர்

சாக்கர் பார்த்துப் பழகியவர்கள் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலின் 'விங்மேன்' என்பவரையும் ஓரமாக ஓடிக் கோலைத் தாக்குபவர் என்றே நினைக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் அவர் இடம் நடு வரிசை. அணிக்கு 18 பேர்: மும்மூன்று பேராக ஐந்து வரிசை, பந்தின் பின்னாலேயே ஓடும் மூவர் தனி. நடு வரிசையின் மையத்தில் ஒருவர். அவருக்கு இருபுறமும் எல்லைக்கோட்டை ஒட்டிப் பக்கத்துக்கொரு விங்மேன்.

'விங்' பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பறவையின் சிறகைக் குறித்தது, பிறகு படையின் பக்க அணிக்கும் கட்டடத்தின் பக்கப் பகுதிக்கும் ஆகி, ஆட்டக்களத்துக்கும் வந்தது.

தமிழில் 'இறக்கை வீரர்' என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது. படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'ஓர ஆட்டக்காரர்' என்றால் மற்ற வரிசைகளில் ஓரத்தில் நிற்பவர்களும் அதில் அடங்கிவிடுவார்கள். 'சிறகு' சரியாக வரும். தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசையை 'வடசிறகு', 'தென்சிறகு' என்று தஞ்சைப் பக்கம் சொல்வதுண்டு. பக்கம் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'நடு' சேர்த்தால் வரிசையும் தெரிந்துவிடும்: நடுச்சிறகர்.

1950களில் மெல்போர்னில் இந்த வேலை எப்படி இருந்தது என்பதற்குக் காலிங்வுட் அணியின் தோரல்ட் மெரெட் நல்ல சான்று. அவர் ஆயுதம் 'ஸ்டாப் பாஸ்': தாழ்வாக, தட்டையாகச் சீறிப் போய் ஓடிவரும் கூட்டாளியின் நெஞ்சில் சேரும் உதை. முட்டை வடிவப் பந்தை முனை கீழே இருக்கும்படி நேராக விட வேண்டும். அது தரையைத் தொட்டு எழும் அந்த நொடியில் பூட்ஸ் படவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பந்து மேலே எழும்பி எதிராளிக்கு வந்துசேர நேரம் கொடுத்துவிடும். பந்து சாய்ந்து விழுந்தால் பக்கவாட்டில் தெறிக்கும். மழைக்காலச் சேற்றிலோ அது எழும்பவே எழும்பாது. தரையைத் தொடாமலே உதைக்கும் 'டிராப் பன்ட்' பிற்பாடு இதை ஒழித்ததற்கு இந்த நிச்சயமின்மைதான் காரணம். பார்க்க அழகான உதை, போனது இழப்புதான்.

மெல்போர்ன் அணியின் நடுச்சிறகர் பிரையன் டிக்சன் 1954 முதல் 1968 வரை 252 ஆட்டங்கள் ஆடி ஐந்து சாம்பியன் அணிகளில் இருந்தவர். விக்டோரியா மாநிலத்தில் அமைச்சராகவும் ஆனார். அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரர் இருவரே. வெளியே போனவர் திரும்ப முடியாது. அதனால் நடுச்சிறகர் ஆட்டம் முழுக்க ஓடியே தீரவேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற போட்டி அமைப்பு 1959 முதல் பல ஆண்டுகள் அணிக்கு 16 பேரோடு ஆடியது. எடுத்துவிட்ட இரண்டு இடங்களும் விங்தான். அந்த ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது 'நடுச்சிறகர்' வரக்கூடாது.