நிலாவெளிக் கடல் ஊதாவான கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு மாணவி திருகோணமலையிலுள்ள எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். கையில் பொலித்தீன் பைக்குள் சுற்றிய பென்டிரைவ். அதற்குள் பாடசாலைத் தமிழ் மன்ற மலரின் அட்டை. பரிசளிப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. "நானே செய்தது மாமா, அப்படியே அடித்துத் தந்தால் போதும்" என்றாள்.

கோப்பைத் திறந்தேன். மலரின் பெயரில் 'திருமலை' என்று வரவேண்டிய இடத்தில் ஜே, பி, யு என ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

பாமினி முறையில் அமைந்த ஏதோ ஓர் அலங்கார எழுத்துருவை அவள் பயன்படுத்தியிருந்தாள். பாமினி எங்களிடம் உண்டு. அந்த அலங்காரம் இல்லை. இந்த வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் ஆங்கிலம் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோட்) 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் நம் பாடசாலைகளும் அலுவலகங்களும் பாமினியை விட்டபாடில்லை. எதில் எழுதினாலும் சரி, தலைப்பை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தால் அச்சகத்தில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும்.

பெயரைத் திரும்ப அடித்துச் சரிசெய்தோம். அதைவிடப் பெரிய சிக்கல் படத்தில் இருந்தது. கோணேசர் கோயில், குத்துவிளக்கு, வீணை, விரித்த புத்தகம், வெண்புறா, உதயசூரியன், இலங்கைப் படம், வட்டத்துக்குள் அதிபர். பதினாறு வயதில் யார் செய்தாலும் முதல் அட்டை இப்படித்தான் இருக்கும். என்னுடையதில் மயிலும் இருந்தது. எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, எதிரேயுள்ள தேநீர்க் கடை வாசலில் போய் நின்று பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து, "சூரியன் மட்டும்தான் தெரிகிறது மாமா" என்றாள். மலரின் பெயர் தெரிந்ததா என்று கேட்டேன். பதில் வரவில்லை. நேரமில்லாததால் அந்த ஆண்டு அட்டை அப்படியே வெளியானது.

அடுத்த ஆண்டு ஒரே ஒரு படத்தோடு வந்தாள்: அந்தி சாயும் நிலாவெளிக் கடல். திரையில் பார்க்கையில் நானே மயங்கிவிட்டேன். சரிபார்க்காமல் ஒப்புதல் கொடுத்து ஐந்நூறு அட்டை அடித்தேன். கடல் ஊதா நிறத்தில் வந்தது. கத்தரிக்காய்த் தோல் நிறம் என்றாலும் பொருந்தும்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஆண்டுதோறும் பலர் மாட்டிக்கொள்கிற இடம் இது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு இயந்திரத்தில் ஓடுவது நான்கு மைகள்: சயன் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு. திரையில் மின்னுகிற கடல்நீலத்தை இந்த நான்கையும் எப்படிக் கலந்தாலும் முழுதாகப் பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, சயனும் மஜெந்தாவும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்தால் ஊதாவே மிஞ்சும். மஜெந்தா சயனைவிடக் குறைந்தது 30 வீதமாவது கீழே நிற்கவேண்டும். வேலையைத் தொடங்கும்போதே கோப்பை நான்கு மை முறைக்கு மாற்றிக்கொண்டால், ஏமாற்றம் திரையிலேயே தெரிந்துவிடும்.

அதே அட்டையின் மேற்பகுதியில் இருண்ட வானம். கறுப்பு நன்றாகக் கறுக்கட்டும் என்று நான்கு மையையும் நூறு நூறு வீதமாக வைத்திருந்தாள். கூட்டினால் 400. ஆர்ட் தாள் எனும் வழவழப்பான தாள் ஏறத்தாழ 300 வரை தாங்கும். மாரிக் காலத்துத் திருகோணமலையில், ஈரம் சுமந்த காற்றில் அது காயவே இல்லை. அடுக்கிவைத்த அட்டைகள் மறுநாள் ஒன்றின் முதுகில் ஒன்று மை பூசிக்கொண்டு கிடந்தன. நூற்றுக்கு மேல் கழிந்தது. அனுபவம் உள்ளவன் நான், பார்த்திருக்கவேண்டியதும் நான்தான். காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அவளோ அந்த வீணான அட்டைகளில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் தேறுவாள் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

அதன்பிறகு விடுமுறை நாட்களில் வரத் தொடங்கினாள். ஏ4 அட்டைக்கு வெட்டுவதற்கென்று சுற்றிலும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுவதும், அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் படம் சுமார் 2550க்கு 3580 புள்ளிகள் இருக்கவேண்டும் என்பதும் ஒரே நாளில் பிடிபட்டன. வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கித்தான் வரும், ஆவணமாக அனுப்பச் சொல் என்பதும் அப்படியே. தமிழ் எழுத்தைக் கையாளத்தான் நாளானது. ஆங்கில இதழ்களைப் பார்த்துத் தலைப்பு எழுத்துகளுக்கிடையே இடைவெளியை இழுத்துவிட்டிருந்தாள். 'கொ' மூன்றாகப் பிரிந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றது. தமிழில் இடைவெளியை இழுப்பதைவிட எழுத்தைப் பெரிதாக்குவதே மேல். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ'யோடு மோதும். இதெல்லாம் கண்ணால் பழகவேண்டியது.

நடுவில் செயற்கை நுண்ணறிவு வரைந்த கோணேசர் கோயிலையும் கொண்டுவந்தாள். கோபுரம் மணற்கரையில் நின்றது. கோயில் நிற்கும் சுவாமி மலையைக் காணவில்லை. ஊர்ப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் காட்டவேண்டியதில்லை, அவளே சிரித்துவிட்டாள்.

சென்ற ஆண்டின் அட்டைக்குப் பென்சிலோடு பிரெட்றிக் கோட்டைக்குப் போனாள். நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான் ஒன்று, பின்னால் வாசல் கல்லில் செதுக்கிய மீன் சின்னம். கறுப்புக் கோட்டோவியம், மங்கலான மஞ்சள் அட்டை, மேலே பெயர். ஒரே மை என்பதால் செலவும் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் 1966இல் தொடங்கிய மல்லிகை இலக்கிய இதழ், அட்டையில் ஓர் எழுத்தாளரின் முகத்தை வைத்தே பல ஆண்டுகள் வந்தது. அந்தத் துணிச்சல் மலர்க்குழுக்களுக்கு இன்னும் வரவில்லை.

மலர்க்குழு ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்கள். அட்டையைக் கடைசி வாரத்து வேலையாக்காதீர்கள். கட்டுரை கேட்கும் நாளிலேயே வடிவமைக்கும் பிள்ளையையும் கூப்பிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள். உள்பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். இணையத்தில் எடுத்த படத்துக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடசாலைக்கும் உண்டு. பிள்ளை வரைந்த படம் கையில் இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

இந்த ஆண்டு அவளை ஆவணியிலேயே அழைத்துவிட்டார்கள். வேலை முடிந்தது, சண்டைதான் முடியவில்லை. அட்டைமேல் பளபளப்பான லமினேட் உறை வேண்டும் என்கிறார் பொறுப்பாசிரியர். கோட்டோவியத்துக்கு அது கண்ணாடி மாட்டியதுபோல் இருக்கும், வேண்டாம் என்கிறாள் இவள். இரண்டு விதமாகவும் அடித்து மேசையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறார்கள்.