பந்தியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகலாமா?

திருவிருந்து ஞாயிறு, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துச் சபையார் அப்பமும் திராட்சரசமும் பகிரும் நாள். பிரசங்கம் முடிந்து, மேசைமேல் மூடியிருக்கும் வெள்ளைத் துணியை மடித்து எடுக்கப் போவேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சத்தம் கேட்கும். செருப்பைத் தேடிக் காலில் மாட்டும் சத்தம். அப்புறம் இரண்டு மூன்று பைக்குகள் கிளம்பும். குமரி மாவட்டத்தில் நான் ஊழியம் செய்த எல்லாச் சேகரங்களிலும் (சபைத் தொகுதிகளிலும்) இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

எழுந்து போகிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று முதலில் நினைத்தேன். வீடு சந்திக்கப் போனபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. அவர்களில் நிறையப் பேர் பயந்துதான் போகிறார்கள். "எனக்குத் தகுதியில்லை அய்யா, வாங்கினால் சாபம் வந்திரும்" என்கிறார்கள்.

இந்தப் பயம் பைபிளில் கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்திலிருந்து, 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. "அபாத்திரமாய்", அதாவது தகுதியற்ற விதமாய், புசிக்கிறவன் குற்றவாளி என்று பவுல் எழுதுகிறார். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அபாத்திரர் புசிக்கக் கூடாது என்று அவர் எழுதவில்லை. புசிக்கும் விதத்தைத்தான் சொல்கிறார். மூல கிரேக்கத்திலும் அப்படித்தான். கொரிந்துவில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, குடித்து வெறித்தும் இருந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அநியாயத்தைத்தான் பவுல் கண்டிக்கிறார். அடுத்த வசனம்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று இல்லை. சோதனை செய்யச் சொன்னதே சாப்பிட வைப்பதற்குத்தான்.

தகுதி பார்த்தால் முதல் பந்தியே நடந்திருக்காது. சேவல் கூவுமுன் மறுதலிக்கப் போகிற பேதுரு அங்கே இருந்தார். எல்லாரும் விட்டு ஓடப் போகிறார்கள் என்று தெரிந்தும் ஆண்டவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். நம் ஆராதனை முறைமையிலும் மேசையின்கீழ் விழும் துணிக்கைகளுக்கும் பாத்திரரல்ல என்று சொல்லிவிட்டுத்தானே கை நீட்டுகிறோம்?

"என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்றார் ஆண்டவர். முடிந்தால் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. மரணத்துக்கு முந்தின இரவில் வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையை நாம் தட்டுவோமா? நம் ஊர்க் கல்யாண வீட்டில் இலை போட்டு, சோறு விளம்பிய பிறகு ஒருவர் எழுந்து போனால் வீட்டுக்காரர் மனசு என்ன பாடுபடும்! இரட்சணிய சேனைச் (Salvation Army) சகோதரர்கள் திருவிருந்து ஆசரிப்பதில்லை. நம் மாவட்டத்தில் அவர்கள் செய்திருக்கும் சேவையை மதிக்கிறேன். இந்த ஒரு காரியத்தில் அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அவர்களாவது யோசித்து ஒரு முடிவு எடுத்தவர்கள். நாமோ கட்டளை என்று அறிக்கையிட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறோம்.

பெண்கள் சிலர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு காரணத்தை இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன். மாதவிலக்கு நாளில் வாங்கக் கூடாது என்று அம்மா சொன்னார், பாட்டி சொன்னார் என்பார்கள். புதிய ஏற்பாட்டில் அப்படி ஒரு வரியும் கிடையாது. 12 வருஷம் உதிரப்போக்கினால் கஷ்டப்பட்ட பெண் கூட்டத்தில் வந்து தொட்டபோது, ஆண்டவர் அவளைத் தள்ளவில்லை, "மகளே" என்றுதான் கூப்பிட்டார். அந்த நாளிலும் வாருங்கள்.

இன்னொன்று சண்டை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெரியவர் 11 வருஷமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. ரப்பர் தோட்டத்து எல்லைக்கல் விவகாரத்தில் தம்பியோடு பேச்சு இல்லை. "மனசுல கசப்ப வச்சுட்டு எப்படி அய்யா கை நீட்டுவேன்?" என்றார். நேர்மையான கேள்விதான். ஆனால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற ஆண்டவர், பின்பு வந்து செலுத்து என்றும் சொன்னார். இவர் பாதி வசனத்தோடு நின்றுவிட்டார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லையாம். தம்பி மனைவி இரண்டு கட்டன் சாயா கொண்டு வைத்தாராம். வழக்கு இன்னும் குழித்துறை கோர்ட்டில்தான் கிடக்கிறது. மறுநாள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டார்கள்.

ஒரே வரிசை என்பது இந்த மண்ணில் சும்மா வந்ததல்ல. 1806-இல் மிஷனரி றிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்துத் திருவிதாங்கூரில், யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்றே கணக்கு இருந்தது. 1859 வரை நம் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போடுவதற்கே போராட வேண்டியிருந்தது. அப்படி விலக்கி நிறுத்தப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் நாம். நம்மை "வா" என்று கூப்பிடும் ஒரு மேசையை நாமே விட்டு விலகுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு வீட்டில் திருவிருந்து கொடுத்தேன். அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்தவர். கொட்டை உடைத்து உடைத்து அந்தப் பால் பட்டுக் கறுத்த விரல்கள், இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. அப்பத்தை அந்த உள்ளங்கையில் வைத்தேன். கையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"என்ன பாட்டி?" என்றேன்.

"என்ன மறக்கல்ல, பாத்தியளா அய்யா" என்றார். மறக்கவில்லை என்று அவர் சொன்னது என்னை அல்ல, ஆண்டவரை.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று பிரசங்கம் முடிந்ததும் இருந்த இடத்திலேயே இருங்கள். மனசில் ஏதாவது உறுத்தினால் அதற்கு முந்தின வாரம் எந்த நாளும் ஆயரை வந்து பாருங்கள். வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருந்தால் சபை ஊழியரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள், மேசையிலிருந்து அப்பமும் ரசமும் வீட்டுக்கு வரும்.