காக்ளியர் இம்ப்ளான்ட்: பொருத்துவதா, பதியம் போடுவதா?

காக்ளியர் இம்ப்ளான்ட்டை 'காது கேட்கும் கருவி' என்று எழுதுவது தவறு. கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். இதுவோ உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பழுதானால் அவற்றைத் தாண்டி, செவி நரம்பையே மின்துடிப்பால் தூண்டுவது.

'கோக்லோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சுருள் ஓடுள்ள உயிரி என்று பொருள். லத்தீனில் அதுவே 'காக்ளியா', நத்தை. உட்காதில் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், அந்தச் சுருளுக்குள் நரம்பைத் தூண்டும் மின்முனைக் கம்பியை எப்படி நுழைப்பது என்று தவித்த நாட்களில், 1977இல் மின்னமுர்ரா கடற்கரையில் ஒரு சுருள் சிப்பியை எடுத்துப் புல்லின் தாளை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். நுனி வளையவும் அடி விறைப்பாகவும் இருந்தால் உள்ளே போகும் என்று புரிந்தது. மறு ஆண்டே மெல்போர்னில் அறுவை சிகிச்சை செய்தார்.

'இம்ப்ளான்ட்' தோட்டத்துச் சொல். லத்தீனில் 'பிளான்டா' என்றால் நடுவதற்கு எடுத்த இளங்கிளை. 'உள்வைப்பு' என்ற தமிழாக்கம் பிழையில்லை, ஆனால் பைக்குள் எதையோ வைத்தது போல இருக்கிறது. நம்மிடம் 'பதியம்' இருக்கிறது. நான் 'செவிச்சுருள் பதியம்' என்றே எழுத விரும்புகிறேன். ஓசைக்காக மட்டும் அல்ல, இதன் வரவு செலவுக் கணக்கே அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

2000இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரு குழந்தைக்கு நேரடிச் செலவு சுமார் 60,000 டாலர். சிறப்புக் கல்வியில் மிச்சமாவதையும் பின்னாளில் கூடும் சம்பாத்தியத்தையும் சேர்த்தால், செலவு போகச் சமூகத்துக்கு மிச்சம் சுமார் 53,000 டாலர். கேளாமையைக் குறையாகப் பார்க்காத, சைகை மொழியே தம் மொழி என்று வாழ்பவர்கள் இந்தக் கணக்கின் அடிப்படையையே கேள்வி கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைக்கும் சைகை மொழியை மறுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சையைத் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம் 2014இல் ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தது. லட்சங்களை அரசு தாங்குவது பெரிய காரியம். சரி, அப்புறம்? மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் வயது சிறியது. அதற்குள் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி, அவ்வப்போது மேப்பிங் (கருவியின் மின்துடிப்பு அளவைப் பிள்ளைக்கு ஏற்பச் சரிசெய்வது), பேருந்துக் கட்டணம், அம்மாவின் விட்டுப்போன கூலி. வாரன்டி முடிந்ததும், ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிக்கருவிக்குக் கேபிள், தலையில் ஒட்டும் காயில், பேட்டரி, சில ஆண்டுகளில் வெளிக்கருவியே புதிது. பதியம் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டால் வேர் பிடிக்காது. வேர் பிடிக்காத பதியத்துக்குப் போட்ட லட்சமும் வீண்.

தண்ணீர் ஊற்றுவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு வீட்டின் காலைப் பொழுது போதும். குளித்துத் தலை துவட்டியதும் காந்தக் காயில் பிள்ளையின் தலையில் 'டக்' என்று ஒட்டிக்கொள்கிறது. எல்லா ஓசையும் கேட்கிறதா என்று பார்க்க, அம்மா வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை கை தூக்க வேண்டும். இன்று 'ஸ்' வந்தபோது கை எழவில்லை. அம்மா புது பேட்டரியைப் போட்டு மறுபடி 'ஆ'விலிருந்து தொடங்குகிறார்.