காதுகுத்து நடக்காத பிள்ளை

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும், கடா வேண்டும், பந்தல் வேண்டும். காது மடலே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு? பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் அந்த விசேஷம் பேச்சில்லாமல் தள்ளிப்போகும். பிறகு கல்யாண வீடு, திருவிழா என்று எதற்கும் பிள்ளையை அழைத்துப்போக மாட்டார்கள். கேள்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாகிய என்னிடம் வரும்போது பல பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருப்பார்கள்.

அவர்களில் சிலருக்கு இருப்பது டிரீச்சர் காலின்ஸ். அது ஏறத்தாழ 50,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் பிறவி நிலை. கன்னத்து எலும்பும் கீழ்த்தாடையும் சிறுத்திருக்கும். கண்ணோரம் கீழே சரிந்திருக்கும். கருவில் முகம் உருவாகும் முதல் சில வாரங்களிலேயே இது நடந்துவிடுகிறது. கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாத மரபணு மாற்றம் புதிதாக வந்ததுதான். இதை மாமியார்களை உட்காரவைத்துச் சொல்வது என் வழக்கம்.

அறிவு மற்றவர்களைப் போலவே இருக்கும். கேட்பதில்தான் சிக்கல். காதுத் துளை மூடியிருக்கலாம், நடுச்செவி எலும்புகள் சரியாக உருவாகாமல் இருக்கலாம். உள்செவியோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேட்காததால் பதில் சொல்லாத பிள்ளையை 'மந்தம்' என்று பள்ளி கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறது.

தங்கச்சிமடத்துப் பக்கம் மல்லிகை நாற்று வேலை செய்யும் ஒரு தாயின் மகள், கல்லூரி மாணவி, அப்படி வந்தவள்தான் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் கருவியைத் துணிப்பட்டையில் பொருத்தி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் படும்படி தலையைச் சுற்றிக் கட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். "மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா அக்கா?" பட்டையை மறைக்கப் பூ வைத்துவிடலாம் என்றார் அம்மா. வேண்டாம் என்றுவிட்டாள்.

பஸ்ஸில் முறைப்பவர்களுக்கு ஒரு பதிலைத் தயார் செய்து பழகினோம்: "பிறவியிலேயே இப்படித்தான் அண்ணே. வலியெல்லாம் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், புரியும்." முதலில் என்னிடம் சொன்னாள், பிறகு மீன் வாங்கும் இடத்தில். கல்லூரி விழாவில் 'தன்னம்பிக்கை நட்சத்திரம்' என்று பொன்னாடை போர்த்தியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் கேட்டது முன் பெஞ்ச்; அதைக் கொடுக்கப் பல மாதம் ஆயிற்று. மேடையேற்றிக் கைதட்டுவது சுலபம், என்ன செய்ய!

விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்துக் காது மடல் செய்கிறார்கள். மடல் வந்துவிட்டால் காது கேட்டுவிடாது. அது வேறு கணக்கு. தாடை அறுவை பெரும்பாலும் வளர்ச்சி நின்ற பிறகுதான். செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஆனால் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுத்த தாடை மூச்சுப் பாதையை அடைக்கும்.

நம் கடற்கரைக்கென்று ஒன்று: உப்புக்காற்று கருவியின் பேட்டரி முனைகளை அரித்துவிடும். இரவில் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். கேள்திறன் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீடு உண்டு.

அந்தக் கல்லூரி மாணவிக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு இது வர ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மரபணு ஆலோசனைக்கும் எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று அம்மா என்னைக் கேட்டார். மகள் முந்திக்கொண்டாள்: "நானே சொல்கிறேன். அவரை எனக்கு நேர் எதிரே உட்காரச் சொல்லுங்கள், வெளிச்சத்தில்."